எங்கள் வீட்டு ஜைனப்கள்

2015இல் மகள் பிறந்தபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன். உம்மா போன் செய்து, "பொம்பளப் புள்ள வாப்பா, தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பேச்சும் வந்துவிட்டது. "உன் வாப்பும்மா பேரையே வச்சிருவோமா?"

எங்கள் பக்கத்தில், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், வாப்பாவைப் பெற்றவரை வாப்பும்மா என்போம். என் வாப்பும்மாவின் பெயர் ஜெய்னம்பு. என்னை வளர்த்ததில் பாதி அவர்கள்தான். நான் வளைகுடாவுக்கு வந்த இரண்டாம் வருடம் மவுத்தாகிவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. அப்படி இருந்தும் உம்மா கேட்ட நேரத்தில் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்துச் சொல்றேன்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

காரணம், என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. நானும் மனைவியும் நான்கு மாதமாகச் சேர்த்த பெயர்கள், முப்பதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொருள்: சொர்க்கத்தின் வாசம், அரசகுமாரி, ஒளிக்கீற்று, ஈடில்லாதவள். எல்லாம் இணையத்தில் எடுத்தவை. கேட்கப் புதிதாக இருந்தன, பொருளும் பெரிதாக இருந்தது. ஜெய்னம்பு என்ற பெயரோ ரேஷன் கடை வரிசையிலும் பள்ளிவாசல் நோட்டீசிலும் கேட்ட பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்றும் தோன்றியது.

ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளி கணக்குப் பார்த்து ஏழைகளுக்குக் கொடுத்து, பெயர் சொல்வது வழக்கம். ஆக எனக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் ஆபீசில் அந்தத் தாளை என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எகிப்துக்காரப் பெரியவரிடம் காட்டினேன். கெய்ரோக்காரர், அறுபதைத் தொட்டவர். அவர் பொருளைப் படிக்கவே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை அரபியில் எப்படி எழுதுவாய்?" பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. காது கேட்டதை வைத்து இரண்டு மூன்று விதமாக எழுதிக் காட்டினார். ஒரு விதத்தில் எழுதினால் ஒரு பொருள், இன்னொரு விதத்தில் எழுதினால் வேறு பொருள். சில பெயர்கள் பாரசீகம், சில துருக்கி. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் நான் அரபி என்று நம்பிக்கொண்டிருந்தேன். சில அரபிச் சொற்கள்தான், ஆனால் அரபிகள் யாரும் பெண்ணுக்கு வைத்ததில்லை. ஒன்றிரண்டுக்குத் தாளில் இருந்த பொருளே அகராதியில் கிடையாது. தாள் முழுக்கக் கோடு விழுந்தபின் பேனாவை மூடிக்கொண்டே, "உன் பாட்டி பெயர் என்ன?" என்றார்.

"ஜெய்னம்பு."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார், இன்னும் மெதுவாக ஒரு தடவை. திடீரென்று முகம் மலர்ந்தது. "ஜைனப்!" என்றார். "என் தாயார் பெயர். வீட்டில் ஜூஜூ என்று கூப்பிடுவோம்." இந்தப் பெயரின் முதல் ஒலி அரபியில் ஆங்கில இசட் ஒலி, தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ஜ போட்டே எழுதுகிறேன்.

அன்று மதிய உணவு நேரம் முழுக்க அவர் அந்தப் பெயரைப் பற்றித்தான் பேசினார். கெய்ரோவில் சய்யிதா ஜைனப் என்று ஒரு பேட்டையே இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, மெட்ரோ ரயில் நிலையமும் அந்தப் பெயரில்தான். நாதியற்றவர்களின் தாய் என்று எகிப்து மக்கள் அந்த ஜைனபை அழைக்கிறார்களாம். நான் "பழைய பெயர்" என்று தயங்கிய ஒன்றை அந்த மனிதர் சொல்லும்போதெல்லாம் குரல் தணிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாப்பும்மாவின் பெயரை நான் இதுவரை காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று அன்றுதான் பட்டது.

அன்று இரவே உம்மாவுக்கு போன் செய்து ஜைனப் என்றே வைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் பெயரைப் பற்றித் தேடுவது அதோடு நிற்கவில்லை. அடுத்த சில வருடங்கள் வெள்ளிக்கிழமை ஓய்வு நேரங்களில் அரபி இலக்கண வகுப்புக்குப் போனேன், மார்க்கம் கற்ற ஆலிம்களிடம் கேட்டேன், அகராதி பார்க்கப் பழகினேன். பெண் குழந்தைக்கு அரபிப் பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஜைனப் என்றால் என்ன என்று எந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்தாலும் "தந்தையின் அழகு" என்று இருக்கும். ஜைன் என்றால் அழகு, அலங்காரம். அப் என்றால் தந்தை. இரண்டும் சேர்ந்தது ஜைனப். பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனுக்குத்தான் இது பிடிக்காது? நானும் இதைத்தான் முதலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இலக்கணம் படித்த பிறகு கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. அரபியில் இரண்டு பெயர்ச்சொற்கள் உறவாகச் சேரும்போது இப்படி ஒட்டி ஒரே சொல்லாகிவிடுவது வழக்கமில்லை. ஜைனுல் ஆபிதீன் என்ற பெயரைப் பாருங்கள். வணக்கசாலிகளின் அழகு என்று பொருள். இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்கின்றன. (இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களின் வாப்பா பெயர் இதுதான். எங்கள் கடற்கரைக்கு வந்து ஜைனுலாப்தீன் என்று ஆகியிருக்கிறது.)

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்னு மன்ஸூர் தொகுத்த லிசானுல் அரப் என்ற பேரகராதி, ஜைனபை "ஜைன்" என்ற வேரில் வைக்கவில்லை. ஜா, நூன், பா என்ற வேரில் வைக்கிறது. அங்கே சொல்லப்படும் பொருள்: பார்வைக்கு அழகான, நல்ல வாசமுள்ள ஒரு மரம், அதைக் கொண்டே பெண்ணுக்குப் பெயரிட்டார்கள். அதே வேரில் சதைப்பிடிப்பு, பருமன் என்ற பொருளும் இருக்கிறது. மனைவியிடம் சொன்னபோது, "நம்ம புள்ள பொறக்கும்போது இருந்ததுக்கு அதுதான் சரி" என்றாள்.

பழைய சிரியாவில் இருந்த பல்மைராவின் அரசி ஜெனோபியாவோடு இந்தப் பெயரை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அந்த அரசி 3ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசை எதிர்த்து நின்றவர். ஆனால் ஜெனோபியா கிரேக்கப் பெயர், சொந்த மண்ணின் அரமேய மொழியில் அவர் பெயர் பத் ஸப்பாய். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படிப் பார்த்தால் தமிழில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

மரமா, தந்தையின் அழகா என்பதில் எனக்கு மரத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் பொருள் பற்றிய என் கவலையையே மாற்றிப்போட்டது வேறொன்று. ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸ்.

முஹம்மத் இப்னு அம்ர் இப்னு அதா என்று ஒருவர். தமக்குப் பிறந்த மகளுக்கு பர்ரா என்று பெயர் வைத்தார். பர்ரா என்றால் நல்லறம் நிறைந்தவள், புண்ணியவதி. எவ்வளவு உயர்ந்த பொருள்! என் தாளில் இருந்திருந்தால் முதல் பெயராக எழுதியிருப்பேன். நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகள் ஜைனப் அவரிடம் சொன்னார்: இந்தப் பெயரை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எனக்கும் முதலில் பர்ரா என்றுதான் பெயர் இருந்தது. உங்களை நீங்களே தூய்மையானவர்கள் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், உங்களில் நல்லறம் செய்பவர் யார் என்பதை அல்லாஹ்தான் நன்கறிவான் என்று நபியவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். ஜைனப் என்று வையுங்கள் என்றார்கள்.

நபியவர்களின் மனைவியாக வந்த ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கும் முதலில் பர்ரா என்றே பெயர். அவர்களுக்கும் ஜைனப் என்றே மாற்றினார்கள்.

இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு அந்தத் தகப்பன் நினைவாகவே இருந்தது. பிள்ளைக்கு நல்ல பொருளுள்ள பெயர் வைக்க ஆசைப்பட்டவர், என்னைப் போலவே. அவரைத் திருத்தியவரும் ஒரு ஜைனப். பெரிய பொருளுள்ள பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்கப்பட்டது வாசமுள்ள மரம் என்று அகராதி சொல்லும் எளிய பெயர். அசிங்கமான பொருள் இருக்கக் கூடாது, பெருமை பேசுவதாகவும் இருக்கக் கூடாது. அதற்கு மேல் பொருளைத் துருவிக்கொண்டே போவதில் பயனில்லை என்று அன்று முடிவுக்கு வந்தேன். அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் யார் என்று பார்க்கத் தொடங்கினேன்.

நபியவர்களின் மூத்த மகள் பெயர் ஜைனப். கணவர் அபுல் ஆஸ், கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி மகன். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்கவில்லை. 624இல் நடந்த பத்ருப் போரில் மக்காக்காரர்களின் பக்கம் நின்று பிடிபட்டார். கைதிகளை மீட்க மக்காவிலிருந்து பணம் அனுப்பினார்கள். ஜைனப் அனுப்பிய பொருளோடு ஒரு கழுத்து மாலையும் இருந்தது. கல்யாணத்தன்று உம்மா கதீஜா கழுத்தில் போட்டு அனுப்பிய மாலை. கதீஜா மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மாலையைக் கண்டதும் நபியவர்கள் உருகிப்போனார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. உங்களுக்குச் சரியென்று பட்டால் அவளுடைய கைதியை விட்டுவிட்டு, அவள் பொருளையும் அவளிடமே திருப்பி அனுப்புங்கள் என்று தோழர்களிடம் கேட்டார்கள். ஆணையிடவில்லை, கேட்டார்கள். தோழர்களும் சம்மதித்தார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு இந்த மாலைக் கதை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மவுத்தான உம்மாவின் நகையைத் தூரத்து ஊரில் திடீரென்று கண்ணெதிரே பார்ப்பது.

அபுல் ஆஸ் பின்னால் இஸ்லாத்துக்கு வந்தார், இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள், ஆனால் நாள் அதிகம் கிடைக்கவில்லை. இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் ஹிஜ்ரி 8இல் ஜைனப் மறைந்தார். அவர்களுடைய மகள் உமாமா. நபியவர்கள் தொழும்போது தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள் என்று வரும் குழந்தை அந்தப் பேத்திதான்.

ஜைனப் பின்த் குஸைமா (ரலி) நபியவர்களின் இன்னொரு மனைவி. மணமாகிச் சில மாதங்களிலேயே மறைந்துவிட்டார். ஏழைகளின் தாய் என்ற பட்டம் இஸ்லாத்துக்கு முன்பே அவருக்கு இருந்தது.

ஜைனப் பின்த் ஜஹ்ஷ் பற்றிப் பேசினால் பலரும் அவருடைய திருமணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அவருடைய கைகளைப் பற்றிப் பேசத் தோன்றும். தோல் பதனிடுவார், தைப்பார், அதில் வருவதை தர்மம் செய்துவிடுவார். உங்களில் கை நீளமானவர்தான் எனக்குப் பின் முதலில் என்னை வந்து சேர்வார் என்று நபியவர்கள் சொன்னபோது, மனைவியர் எல்லோரும் கையை அளந்து பார்த்தார்கள். அளந்ததில் ஜைனப் கை நீளமில்லை. ஆனால் நபியவர்களுக்குப் பிறகு முதலில் மறைந்தவர் அவர்தான், ஹிஜ்ரி 20இல். கொடுக்கும் கையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

கெய்ரோப் பெரியவர் சொன்ன சய்யிதா ஜைனப் இவர்கள் யாரும் இல்லை. நபியவர்களின் மகள் பாத்திமா (ரலி), அலி (ரலி) தம்பதியின் மகள். 680இல் கர்பலாப் போரில் சேர்ந்து வளர்ந்த உறவுகளைக் களத்தில் இழந்தவர். அண்ணன் ஹுஸைன் (ரலி) வெட்டப்பட்ட பின், கைதியாகக் கூஃபா நகருக்கும் அங்கிருந்து டமாஸ்கஸுக்கும் கொண்டுபோகப்பட்டார். ஹுஸைனின் மகன், நோயாளி, அவர்தான் மிஞ்சியிருந்தார். அவரையும் கொல்லக் கூஃபா ஆளுநர் உத்தரவிட்டபோது, கொல்வதென்றால் என்னையும் சேர்த்துக் கொல் என்று அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்தான் ஜைனுல் ஆபிதீன் என்று அழைக்கப்பட்டவர். டமாஸ்கஸில் ஆட்சியில் இருந்த யஸீதின் அவையில் நின்று ஜைனப் பேசிய பேச்சை இன்றும் முஹர்ரத்தில் சொல்லி அழுகிறார்கள். டமாஸ்கஸுக்குத் தெற்கே ஒரு தர்கா, கெய்ரோவில் ஒரு பள்ளிவாசல்; இரண்டு ஊர்களும் அவர் தங்கள் மண்ணில்தான் அடங்கியிருக்கிறார் என்று சொந்தம் கொண்டாடுகின்றன.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஜைனப் பின்த் அல்கமால், டமாஸ்கஸில் ஹதீஸ் கற்பித்தவர், தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1339இல் மறைந்தவர். ஊர் ஊராக மாணவர்கள் அவரிடம் வந்து, அவர் வழியாக ஹதீஸை எடுத்துச் சொல்லும் அனுமதியைப் பெற்றுப் போனார்கள். 1326இல் டமாஸ்கஸ் வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் தமக்கு அனுமதி தந்தவர்களில் அவரைக் குறிப்பிடுகிறார். அதே இப்னு பதூதா 1340களில் நம் கடற்கரையில் வந்து இறங்கி மதுரை வரை போனார். ஒரு ஜைனபிடம் ஹதீஸ் அனுமதி பெற்ற மனிதர் எங்கள் மண்ணில் நடந்திருக்கிறார் என்பதை மகளிடம் சொன்னபோது, "அப்ப நம்ம ஊர்லயும் யாருக்காவது அவங்க பேரச் சொல்லியிருப்பாரா வாப்பா?" என்று கேட்டாள்.

சரி, இப்போது ஜெய்னம்புவுக்கு வருவோம். இந்தப் பெயர் தமிழில் கெட்டுப்போய்விட்டது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்த பிள்ளைகள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அரபியில் சொல் ப் என்ற ஒலியில், பட்டு என்பதில் வரும் ப் இல்லை, கம்பு என்பதில் வரும் மெல்லிய ப் ஒலியில் முடிகிறது. தமிழ் வாய் வல்லின மெய்யில் சொல்லை முடிக்காது, ஒரு உகரம் சேர்க்கும். ஜைனபு. சுவாஹிலி பேசும் மக்களும் இதையேதான் செய்கிறார்கள், அங்கேயும் ஜைனபு. ஆனால் தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் தனி ப தெளிவாக நிற்காது. அது தெளிவாக நிற்கும் இடம் ம்-க்குப் பிறகுதான்: கம்பு, கொம்பு, தும்பு. அந்த ஒலியைக் கைவிடாமல் காப்பாற்றத்தான் நம் பெரியவர்கள் ஒரு ம் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. துருக்கியர் ஜெய்னெப் என்கிறார்கள், மலையாளத்தில் சைனபா. யாரும் யாரையும் தவறு என்று சொல்வதில்லை. பேசத் தெரியாததால் ஜெய்னம்பு வந்ததாக இனி யாரும் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஆனால் அலுவலகத் தாள்கள் இந்த நியாயத்தையெல்லாம் கேட்காது. வாப்பும்மாவின் பெயர் ரேஷன் கார்டில் செய்னம்பு பீவி, வாக்காளர் பட்டியலில் ஜெயினம்பு, நிலப் பத்திரத்தில் சைனம்பு பீவி அம்மாள். அவர்கள் மவுத்தான பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வாப்பா அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இவ்வளவு பார்த்தும் மகள் விஷயத்தில் எங்களுக்கும் அது நடந்தது. பிறப்பைப் பதியக் கொடுத்த சீட்டில் தமிழில் ஜைனப் என்று மட்டும் எழுதியிருந்தோம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நாங்கள் சொல்லவில்லை, தட்டச்சு செய்தவரும் கேட்கவில்லை. இசட்டுக்குப் பதில் ஜே-யில் தொடங்கி, பம்பாய்க்கு வரும் பி-க்குப் பதில் பட்டணத்துக்கு வரும் பி-யில் முடித்து அச்சாகி வந்தது. பள்ளியில் அதையே பார்த்து இன்னொரு விதமாக எழுதினார்கள். 2019இல் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது இரண்டும் பொருந்தவில்லை. 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆவது பிரிவின் கீழ் திருத்தலாம் என்று தெரிந்து, விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று சேர்த்துக் கொடுத்து, சரியாகி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என் விடுமுறை அதிலேயே தீர்ந்தது.

அதனால் உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது இப்போது கேட்டால் நான் முதலில் சொல்வது, அவசரப்படாதீர்கள் என்பதுதான். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், உண்மை. ஆனால் பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஏழாம் நாள் வீட்டில் பெயர் சொல்லியாகிவிடும். தாளில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் குடி முழுகாது.

அந்த ஒரு வாரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் பெயரை முதலில் அரபியில் எழுதி வாங்குங்கள். ஆலிம் ஒருவரிடம், அல்லது அரபி நன்றாகத் தெரிந்தவரிடம். அரபியில் எழுத்து உறுதியாகாத பெயருக்குப் பொருளும் உறுதியில்லை. சீன் என்ற எழுத்து வேறு, ஸாத் என்ற எழுத்து வேறு. நெடில் ஒன்று குறைந்தால் சொல்லே மாறிவிடும். குர்ஆனில் வரும் சொல் என்பதற்காக மட்டும் பெயராக எடுக்காதீர்கள். கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்ன் பெயரும் குர்ஆனில் இருக்கிறது. மாறாக, ஜைனப் என்ற பெயர் குர்ஆனில் இல்லை. அதில் பெயர் சொல்லி வரும் ஒரே பெண் மர்யம்தான். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துக்கோர்வையை முடிவு செய்து பெரிய எழுத்தில் எழுதுங்கள். நாங்கள் இசட், ஏ, ஐ, என், ஏ, பி என்று வைத்தோம். தமிழ் எழுத்துக்கோர்வையையும் கீழே எழுதி, அந்தத் தாளின் நகலைத்தான் எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லக் கூடாது.

இன்னொன்று, இனிஷியல். நம் ஊரில் ஓர் எழுத்தோடு முடித்துவிடுவோம். பாஸ்போர்ட்டில் அது விரிவாக வர வேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டுக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, எத்தனையோ குடும்பங்கள் விமான டிக்கெட்டோடு திகைத்து நின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்றாகிவிட்டதால், அந்த முதல் தாள் முன்னைவிட முக்கியம்.

கூப்பிடும் பெயரைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பதில்லை. என் உம்மா இன்றைக்கும் பேத்தியை ஜெய்னம்பு என்றுதான் அழைக்கிறார்கள். பள்ளித் தோழிகள் ஜைனு. மதரஸாவில் அரபி உச்சரிப்போடு ஜைனப். மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறாள். கேலி செய்வார்கள் என்று நான் பயந்தது நடக்கவே இல்லை.

அவள் ஆறு வயதில் தன் பெயரை அரபியில் எழுதக் கற்றாள். ஜா, யா, நூன், பா, நான்கே எழுத்து. ஜா பக்கத்து எழுத்தோடு சேராது, தனியாக நிற்கும். மற்ற மூன்றும் சேர்ந்துகொள்ளும். சேரும்போது யாவும் நூனும் ஒரே மாதிரி சின்னப் பல்லாகிவிடும், பா மட்டும் கடைசியில் படகு போல நீளும். பல்லுக்குப் பல் வித்தியாசம் காட்டுவது புள்ளிதான். ஜாவுக்கு மேலே ஒன்று, யாவுக்குக் கீழே இரண்டு, நூனுக்கு மேலே ஒன்று, பாவுக்குக் கீழே ஒன்று. மொத்தம் ஐந்து. ஒருநாள் வீடியோ அழைப்பில் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். வடிவம் அச்சாக இருந்தது, ஐந்து புள்ளியும் இருந்தது. ஆனால் முதல் பல்லுக்குக் கீழே ஒன்று, இரண்டாம் பல்லுக்குக் கீழே இரண்டு. படித்துப் பார்த்தேன்: ஜபீப். கிஸ்மிஸ் பழம்! கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, புள்ளி இடம் மாறியதில் பெயர் உலர்ந்த திராட்சையாகிவிட்டது. புள்ளி போடும் வழக்கம் பரவாத காலத்தில் எழுதியிருந்தால் இரண்டையும் பிரித்துப் படிக்கவே முடியாது. அதை அவளுக்குச் சொன்னதும் அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பேர கவனமா எழுதணும், இல்லைனா கிஸ்மிஸ் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

போன விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினோம். வாப்பும்மாவின் தகரப் பெட்டி வெளியே வந்தது. உள்ளே ஒரு தொழுகைத் துணி, தஸ்பீஹ் மணி, அட்டை கிழிந்த அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று. வாப்பும்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்கள் காலத்தில் எங்கள் ஊரில் பல பெண்கள் அப்படித்தான், தமிழை அரபி எழுத்தில் எழுதியிருக்கும் கிதாபுகளை மடமடவென்று வாசிப்பார்கள், ஆனால் பஸ் பலகையைப் படிக்க ஆள் வேண்டும். ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் அவர்கள் பெயரை எழுதியது எல்லாம் யாரோ.

கிதாபின் முதல் பக்கத்தில் ஓரமாக, ஊதா மையில், ஒரு பெயர் எழுதியிருந்தது. மை பல இடங்களில் ஊறிப் பரவியிருந்தது. மகள் என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் விரலை வைத்துப் படித்தாள். ம் இல்லை, உகரம் இல்லை. ஜா, யா, நூன், பா.

"என் பேரு வாப்பா" என்றாள்.

"உன் பேரு இல்லமா, வாப்பும்மா பேரு. அவங்களே எழுதினது."

அவள் பதில் சொல்லவில்லை. விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அஞ்சும் சரியான எடத்துல இருக்கு" என்றாள்.